எழுத்தைக் கலைக்கும் உரிமை

நுழையும்முன்

சொல்லைத் தாங்கும் கருவியே எழுத்து என்பது ஒரு கருத்து. எழுத்தின் வடிவமும் பேசும் என்பது மற்றொரு கருத்து. எழுத்துகளைக் கொண்டே சுவரொட்டி அமைக்கும் கலையில் இவ்விரண்டும் மோதிய வரலாற்றின் வழியே, மரபை மீறும் தகுதி யாருக்கு உண்டு என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒழுங்கின் காலம்

1950களில் சுவிட்சர்லாந்தின் பாசல், சூரிக் நகரங்களில் ஒரு வடிவமைப்பு நெறி வேரூன்றியது. தாளைக் கண்ணுக்குப் புலப்படாத கட்டங்களாகப் பகுத்தனர். முனைக்கோடுகளற்ற எளிய எழுத்துகளை இடப்பக்கம் சீராக நிறுத்தினர். வெற்றிடத்தையும் அளந்தே விட்டனர். பின்னர் ஹெல்வெட்டிக்கா எனப் பெயர்பெற்ற எழுத்துரு 1957ஆம் ஆண்டு அங்கேதான் பிறந்தது. செய்தி தடையின்றிச் சென்றுசேர வேண்டும் என்பதே அந்நெறியின் உயிர். ஆனால், நெறி வாய்பாடாக இறுகியபோது, இசைவிழாவுக்கும் மருந்துக்கும் ஒரே முகம் வாய்த்தது.

மீறலின் தொடக்கம்

வுல்ஃப்காங் வைன்கார்ட், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அச்சுக்கோப்புப் பயின்றவர். 1968ஆம் ஆண்டு முதல் பாசல் வடிவமைப்புப் பள்ளியில் கற்பித்தவர். அவர் எழுத்துகளுக்கிடையே மிகுந்த இடைவெளி விட்டார், ஒரே சொல்லுக்குள் தடிமனை மாற்றினார், வரிகளைச் சாய்த்தார். 1970களில் ஒளிபுகும் அச்சுப்படலங்களை ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கிச் சுவரொட்டிகளை உருவாக்கினார். அவரிடம் பயின்ற ஏப்ரல் கிரைமன் இப்போக்கை அமெரிக்காவில் வளர்த்தார். 1986ஆம் ஆண்டு மெக்கின்டாஷ் கணினியைக்கொண்டு, தம் முழு உருவத்தோடு எழுத்துகளைக் கலந்து ஒரு மடிப்புச் சுவரொட்டியைப் படைத்தார். ஒரே மையம், ஒரே ஒழுங்கு என்பவற்றை ஐயுறும் பின்நவீனத்துவம் சுவரொட்டியில் இவ்வாறு குடியேறியது.

கலைப்பதற்கும் கல்வி வேண்டும்

இதனை வெறும் குழப்பம் என ஒதுக்குவோர் உளர். குழப்பமே கலை எனக் கொண்டாடுவோரும் உளர். இரண்டும் பிழை என்பதே என் கருத்து. வைன்கார்ட் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தவர். இடைவெளி சற்றே கூடினாலும் சொல் எவ்வாறு தளரும் என்பதை அவர் விரல்கள் அறிந்திருந்தன. எதைக் கலைக்கலாம், எதைக் காக்க வேண்டும் என்று தெரிந்தே அவர் கலைத்தார். இன்றோ, எழுத்தைச் சிதைக்கக் கணினியில் ஒரு சொடுக்குப் போதும். அந்த அறிவு சொடுக்கில் வருவதில்லை.

படிக்க இயலாத எழுத்தும் உணர்வைக் கடத்தும் என்பர். டேவிட் கார்சன் 1994ஆம் ஆண்டு ஓர் இசை இதழில், நேர்காணல் ஒன்றை வெறும் குறியீடுகளாலான எழுத்துருவில் அச்சிட்டார். இதழை வைத்திருப்பவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். சுவரொட்டியைக் காண்பவரோ வழிப்போக்கர். அவர் கண்ணை நிறுத்த மீறல் உதவும். நின்ற கண்ணுக்கு நாளும் இடமும் தெரியாவிட்டால் அம்மீறல் வீண்.

தமிழில் இக்கவனம் மேலும் தேவை. அழகு கருதிப் புள்ளியை நீக்கினால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். வடிவம் மட்டுமன்றிப் பொருளும் மாறும்.

பள்ளி விழாவுக்குச் சுவரொட்டி அமைக்கும் வாய்ப்பு உங்களுக்கும் வரலாம். முதலில் அதைச் சீராக அமையுங்கள். பிறகு ஒன்றை மட்டும் கலையுங்கள். ஏன் கலைத்தீர்கள் என வினவும் நண்பருக்கு விடை சொல்ல முடிந்தால், அவ்வுரிமை உங்களுடையது.