பயிற்சியை வரவேற்கிறோம், உறுதிமொழிப் படிவத்தை ஏற்க மாட்டோம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகச் சங்கத்தின் செயற்குழு ஏற்றுக்கொண்ட நிலைப்பாட்டு அறிக்கை

1. முடிவு

பாதுகாப்புப் பயிற்சி பற்றிய நிர்வாகத்தின் சுற்றறிக்கை நோட்டீஸ் போர்டில் ஏறிய நாளிலிருந்து உறுப்பினர்கள் கேட்பது ஒன்றைத்தான்: பயிற்சிக்குப் போவதா, வேண்டாமா? செயற்குழு இதை இரண்டு அமர்வுகளில் விவாதித்தது. எல்லோரும் ஒரே குரலில் பேசினோம் என்று சொல்ல மாட்டோம். முழுமையாகப் புறக்கணிக்க வேண்டும் என்றவர்கள் இருந்தார்கள். முதலில் போய்ப் பார்ப்போம், பிறகு பேசுவோம் என்றவர்களும் இருந்தார்கள். இறுதியில் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டது இதுதான்:

பாதுகாப்புப் பயிற்சியைச் சங்கம் கொள்கை அளவில் வரவேற்கிறது. அது வேலை நேரத்தில், இயந்திரத்தின் பக்கத்தில், தொழிலாளிக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும். பயிற்சியோடு இணைத்துத் தரப்படும் உறுதிமொழிப் படிவத்தில் உறுப்பினர்கள் யாரும் கையெழுத்திடத் தேவையில்லை. புறக்கணிப்பு அழைப்பு இப்போதைக்கு விடுக்கப்படவில்லை.

2. பின்னணி

கார்டிங் பிரிவில் ஒரு தொழிலாளி விரலை இழந்த விபத்தும், அதற்குப் பிறகு தொடங்கிய உள்விசாரணையும் உறுப்பினர்கள் அறிந்தவை. இங்கே மறுபடி விவரிக்கவில்லை. ஆலையின் பெயரையும் பாதிக்கப்பட்டவரின் பெயரையும் எழுதவில்லை. விசாரணை முடியவில்லை என்பதே காரணம்.

அதைத் தொடர்ந்து வந்த சுற்றறிக்கையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பு. வராதவர்களுக்கு ஊக்கத்தொகை பிடித்தம். வந்தவர்கள் கையெழுத்திட ஒரு படிவம். இதே படிவம் பெயர் மட்டும் மாறி வேறு ஆலைகளிலும் சுற்றத் தொடங்கியிருப்பதால்தான் இந்த அறிக்கையைத் தள்ளிப்போட முடியவில்லை.

3. அந்தக் கையெழுத்து

படிவத்தில் இருப்பதன் சாரம் இது: எல்லாப் பாதுகாப்பு விதிகளும் எனக்கு விளக்கப்பட்டன, நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன், இனி என் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தால் அதற்கு நானே பொறுப்பு.

இதைச் சாதாரண வருகைப் பதிவு என்று நிர்வாகத் தரப்பு சொல்கிறது. வருகைப் பதிவு என்றால் பெயரும் தேதியும் போதும். ‘நானே பொறுப்பு’ என்ற வரி எதற்கு?

எதற்கு என்பதை விசாரணையில் பார்த்துவிட்டோம். விரல் போன தொழிலாளிக்கு மருத்துவமனையில் போட்ட கட்டுப் பிரியும் முன்பே மெமோ வந்தது. மெமோவோடு இணைக்கப்பட்டிருந்தது பயிற்சிப் பதிவேட்டின் நகல். ‘உமக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, நீர் கையெழுத்திட்டிருக்கிறீர், ஆகவே இது உமது அலட்சியம்.’ அந்தப் பயிற்சியில் அவர் பார்த்தது என்ன? கேண்டீனில் ஷிப்ட் முடிந்த களைப்போடு உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ஓடிய ஸ்லைடுகள். கார்டிங் இயந்திரத்தை ஒருவரும் திறந்து காட்டவில்லை. சுவிட்சை அணைத்தவுடன் சிலிண்டர் நிற்காது, அந்த வேகம் ஓய்ந்து அடங்கச் சில நிமிடம் ஆகும், அதுவரை கதவைத் திறக்கக் கூடாது என்பதை இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தி, காதால் கேட்கவைத்து, கண்ணால் பார்க்கவைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு ஷிப்டில் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரம் கிடைக்கவில்லை. கையெழுத்து வாங்க மட்டும் நேரம் கிடைத்தது.

கையெழுத்துப் போட்டால் போன விரல் வளருமா?

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. வேலையின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தொழிலாளி எழுதிக்கொடுத்து விட்டுவிட முடியாது. அப்படி எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்தில், 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே தன் 17ஆவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொன்னது. அதே சட்டத்தின் 3ஆவது பிரிவில் முதலாளிக்கு ஒரு விலக்கும் இருந்தது: வெளிப்படையாகத் தந்த பாதுகாப்பு உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறிக் காயம்பட்டிருந்தால், மரணமோ முழு நிரந்தர ஊனமோ அல்லாத நிலையில், இழப்பீடு தர வேண்டியதில்லை. அந்த விலக்கைத் தொடத்தான் ‘விதிகள் விளக்கப்பட்டன’ என்ற கையெழுத்து தேவைப்படுகிறது. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் உறுப்பினர்களுக்கு உதவித்தொகை பொதுவாக யார் தவறு என்று பார்த்துத் தரப்படுவதில்லை. ஆனால் மெமோ, உள்விசாரணை, சஸ்பென்ஷன் ஆகிய மூன்றையும் ஈ.எஸ்.ஐ. தடுக்காது. படிவம் குறிவைப்பது அந்த மூன்றைத்தான்.

1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, தொழிலாளர்களுக்குத் தேவையான தகவல், அறிவுரை, பயிற்சி, மேற்பார்வை எல்லாவற்றையும் தருவது ஆலை நடத்துபவரின் கடமை என்று சேர்த்தார்கள். பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்பதையும் அப்போதே சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அந்தத் தொகுப்புகளைப் பற்றிச் சங்கத்தின் கருத்து வேறு. ஆயினும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலும் பயிற்சி தருவது முதலாளியின் கடமையாகவே நிற்கிறது. கடமை அவர்களுடையது. அதை நிறைவேற்றியதற்கு அத்தாட்சியாக நம் கையெழுத்தை வாங்கி, அதே கையெழுத்தை நம்மேல் குற்றச்சாட்டாகத் திருப்பும் வேலைக்குச் சங்கம் துணைபோகாது. (இந்த வாக்கியத்தை மென்மையாக்கலாம் என்று ஒரு கருத்து வந்தது. செயற்குழு அப்படியே விட முடிவு செய்தது.)

4. பயிற்சி எப்படி இருக்க வேண்டும்

‘பயிற்சியே வேண்டாம் என்கிறார்கள்’ என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறோம்.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊர் நூற்பைக் கற்றது கேண்டீனில் உட்கார்ந்து அல்ல. ரிங் பிரேமில் புதிதாக வந்த பெண்ணுக்கு இழை ஒட்டக் கற்றுத்தரும் அக்காவைப் பாருங்கள். முழங்காலால் ஸ்பிண்டில் பிரேக்கை அழுத்துவது, பாபினில் அறுந்த நூலின் நுனியைத் தேடி எடுப்பது, அதை டிராவலரில் நுழைத்து மேலே கொண்டுபோவது, முன் ரோலரிலிருந்து வரும் பஞ்சிழையோடு சேர்த்துவிட்டு விரலைச் சட்டென்று எடுப்பது. முதலில் மெதுவாகச் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொன்றும் ஏன் என்று சொல்லிக்கொண்டே செய்வார். பிறகு அந்தப் பெண்ணைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நிற்பார். தனியாகச் சைடு பார்க்க விட்ட பிறகும் நான்கு நாள் வந்து எட்டிப் பார்ப்பார்.

இது ஏதோ நாட்டுப்புற வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா லட்சக்கணக்கான புதிய தொழிலாளர்களை ஆலைகளுக்குத் தயார்செய்த திட்டமும் இந்த நான்கு படிகளில்தான் நின்றது: தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவை, தொடர்ந்து பார். தொழிலாளி கற்கவில்லையென்றால் குறை சொல்லிக்கொடுத்தவரிடம்தான் என்பது அதன் அடிப்படை. 1950களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் அந்த முறையை இந்திய ஆலைகளுக்கும் கொண்டுவந்தார்கள். 1956இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா இன்றும் நூற்பாலைத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. நிர்வாகங்களுக்குச் செலவு செய்ய மனமில்லை என்பதே செயற்குழுவில் பலரின் கருத்து.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே சங்கம் கேட்பவை:

அ) ஒரு வகுப்பில் ஒரு பிரிவின் ஆட்கள் மட்டும். புளோ ரூமில் வேலை செய்பவருக்கு வேண்டியது தீ பற்றி. கோன் வைண்டிங்கில் வேறு. முந்நூறு பேரை ஒரே மண்டபத்தில் உட்காரவைத்தால் யாருக்கும் எதுவும் இல்லை.

ஆ) தீயணைப்பானின் பின்னை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தம் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஷிப்டில் கேட்டுப் பார்த்தோம். இழுத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. படத்தில் பார்த்தவர்கள் எல்லோரும்.

இ) ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டால் எப்படி எடுப்பது, எப்போது இயந்திரத்தை நிறுத்துவது என்பதைச் செய்து காட்டி, செய்யவைக்க வேண்டும். உற்பத்தி குறையும் என்று நிறுத்த விடாத மேஸ்திரியும் அதே வகுப்பில் உட்கார வேண்டும். நம்மைவிட அவருக்குத்தான் அது முதலில் வேண்டும்.

ஈ) சொல்லிக்கொடுப்பவர்களில் பாதிப் பேராவது அந்தப் பிரிவில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். இயன்றவரை மூத்த பெண் தொழிலாளர்களுக்கு இதற்கெனத் தனிப்படி தந்து பொறுப்பளிக்கலாம்.

உ) புரிந்ததா என்பதற்குச் சான்று கையெழுத்து அல்ல, தொழிலாளி திருப்பிச் செய்து காட்டுவது. செய்ய வராதவருக்கு மறுபடி பயிற்சி; தண்டனை அல்ல.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்திருக்கிறது, இங்கே ஏன் முடியாது? 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான பயிற்சி தொழிலாளி, மேற்பார்வையாளர், மேலாளர் எல்லோருக்கும் உண்டு. அதில் அங்குள்ள தொழிற்சங்கத்துக்குப் பங்கு உண்டு. தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களும் உண்டு.

5. மற்றவை

வார விடுமுறை நாளில் வரச் சொன்னால் அது வேலை. இரட்டைச் சம்பளமும் மாற்று விடுப்பும் தர வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்களுக்கு வகுப்பு வைக்கும் யோசனையை யார் சொன்னார்களோ, அவர்கள் ஒருமுறை ரத வீதிக்கு வந்து பார்க்கட்டும்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கம் வேண்டும். அவர்கள் நம் உறுப்பினர்களோ இல்லையோ, அதே இயந்திரத்தில்தான் நிற்கிறார்கள்.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் உள்புகார்க் குழு பற்றிய விழிப்புணர்வு வகுப்பு இந்தச் சுற்றறிக்கையில் இல்லவே இல்லை. விடுதியில் தங்கியிருக்கும் பெண்களுக்கு அது முதலில் வேண்டும். மூன்றாண்டு ‘பயிற்சி’ என்று சொல்லிச் சொற்பக் கூலிக்கு இளம்பெண்களை வைத்திருந்த சுமங்கலித் திட்டத்தின் காலத்தை நம் பெண்கள் மறக்கவில்லை. 2011இல் ‘பருத்தியில் சிறைப்பட்டவர்கள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு வெளிவந்த, சோமோ என்ற ஆய்வு அமைப்பின் அறிக்கைக்குப் பிறகு அது உலகுக்கே தெரியும். பயிற்சி என்றதும் அவர்கள் சந்தேகத்தோடு பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்கு உரிமை உண்டு.

6. உறுப்பினர்களுக்கு

பயிற்சி வேலை நேரத்தில் நடந்தால் கலந்துகொள்ளுங்கள். கேள்வி கேளுங்கள். இயந்திரத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

வருகைப் பதிவேட்டில் பெயர், தேதி, நேரம் எழுதிக் கையெழுத்திடலாம். அதன் பக்கத்திலேயே உங்கள் கையால் மூன்று விவரங்கள் சேருங்கள்: எந்த மொழியில் நடந்தது, எவ்வளவு நேரம், இயந்திரத்தில் செய்து காட்டப்பட்டதா இல்லையா. எழுத இடம் தரவில்லையென்றால் அன்றே சங்க அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். நாங்கள் பதிவு செய்கிறோம்.

உறுதிமொழிப் படிவத்தை நீட்டினால் வாங்கிப் படியுங்கள், நகல் கேளுங்கள், கையெழுத்திடாதீர்கள். அதற்காக யாருக்கேனும் மெமோ வந்தால் பதிலைத் தனியாக எழுத வேண்டாம், சங்கம் எழுதும்.

நிர்வாகங்களோடு பேச்சுவார்த்தைக்குச் சங்கம் தயார். படிவத்தைத் திரும்பப் பெற்றுவிட்டு, நான்காம் பகுதியில் உள்ளவற்றைப் பேசுவதற்கு நாள் குறிக்கட்டும். படிவம் நீடித்தால், செயற்குழுவில் ஒத்திவைக்கப்பட்ட தீர்மானம் பொதுக்குழுவுக்கு வரும். அந்தத் தீர்மானத்தின் முதல் சொல் ‘புறக்கணிப்பு’.