உயர்ந்த ரிப் ஷாட்கன்: பர்ஸைத் திறக்கும் முன் கழுத்தைப் பாருங்க!

ட்ராப் துப்பாக்கி சுடுதல் போட்டியை மொபைலில் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சிலரின் துப்பாக்கிக் குழலுக்கு மேலே ஒரு மெல்லிய பட்டை, குட்டிக் குட்டித் தூண்கள் மேல் நிற்கும் மேம்பாலம் மாதிரி நீளமாக ஓடும். அந்தப் பட்டைக்குப் பெயர் ரிப். அது குழலை ஒட்டிக் கிடக்காமல் நன்றாக எழும்பி நின்றால் ‘ஹை ரிப்’, அதாவது உயர்ந்த ரிப்.

அமெரிக்க ட்ராப் கிளப்களில் இந்த வகைத் துப்பாக்கி ரொம்ப சகஜம். ‘ஹை ரிப் வாங்கினா ஸ்கோர் ஏறும்’ என்ற பேச்சும் அங்கே சகஜம். ஏறுமா? சிலருக்கு நிஜமாகவே ஏறும். பலருக்கு பேங்க் பேலன்ஸ் மட்டும்தான் இறங்கும். யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது பிராண்ட் இல்லை. உங்கள் கழுத்து, தோள், கன்னம், நீங்கள் ஆடும் ஆட்டம், இந்த நாலும்தான்.

முதல்ல, ஆட்டம் என்ன?

மெஷின் ஒரு சின்னத் தட்டை வானத்தில் வீசும். அது தூரம் போவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். பெயர்தான் களிமண் தட்டு. இப்போதைய தட்டுகள் தார் போன்ற பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து செய்தவை. ஒலிம்பிக் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம்.

இதில் பல வகை உண்டு. ஒலிம்பிக் ட்ராப்பில் 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளத்தில் 15 மெஷின்கள் இருக்கும். தட்டு சுமார் 76 மீட்டர் போகும் வேகத்தில், இடமோ வலமோ 45 டிகிரி வரை பாயும். அமெரிக்க ட்ராப்பில் ஒரே மெஷின், நிதானமான வேகம். சுடுபவர் 16 கெஜம் தள்ளி நிற்பார். திறமைக்கு ஏற்ப 27 கெஜம் வரை பின்னால் தள்ளுவார்கள். ஸ்கீட்டில் இரண்டு பக்கமிருந்தும் தட்டுகள் குறுக்கே பறக்கும்.

ரிப் விஷயத்தில் முக்கியமானது ஒரே ஒரு வித்தியாசம்தான். ட்ராப்பில் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, கன்னத்தை வைத்து, எல்லாம் ரெடியான பிறகே ‘புல்’ என்று குரல் கொடுப்பார்கள். தட்டும் பெரும்பாலும் உங்களை விட்டு விலகி மேலே ஏறிக்கொண்டே போகும். ஒலிம்பிக் ஸ்கீட்டில் தட்டு கண்ணில் படும் வரை துப்பாக்கி இடுப்பருகே இருக்க வேண்டும்.

ரிப் எதுக்கு?

ஷாட்கன்னில் ரைபிள் மாதிரி குறி பார்க்கும் அமைப்பு கிடையாது. முன்னால் ஒரு மணி இருக்கும், சிலவற்றில் நடுவில் இன்னொன்றும் இருக்கும். பின்பக்கக் குறியின் வேலையைச் செய்வது உங்கள் கண்தான். கண் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்கிறதா என்பதை முடிவு செய்வது கட்டையின் மேல்விளிம்பு, அதாவது கன்னம் பதியும் இடம். இதற்கு ‘கோம்ப்’ என்று பெயர்.

கண் ஓடும் பாதை ரிப். நூறு தட்டு தொடர்ந்து சுட்டால் குழல் கொதிக்கும். அதிலிருந்து எழும் அனல் பார்வையைக் கலங்கடிக்கும். ரிப்புக்கு அடியில் காற்று போக இடைவெளி விடுவது அதனால்தான். உயர்ந்த ரிப்பில் பார்வை அந்த அனலிலிருந்து இன்னும் விலகிவிடும். ஆனால் அசல் காரணம் இது இல்லை.

உயர்த்தினா என்ன லாபம்?

முதல் லாபம், தலை நிமிர்ந்து நிற்கும். சாதாரணத் துப்பாக்கியில் கன்னத்தைக் கட்டை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்து நீளமாகவும் தோள் சரிவாகவும் இருப்பவர்களுக்கு இது பெரும்பாடு. கழுத்தை வளைத்து, தலையைக் குனிந்து, புருவத்தின் அடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். நாலு தட்டுக்கு ஓகே. 100, 200 தட்டு ஓடும் போட்டியில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ரிப்பை உயர்த்தி, அதற்கு ஏற்ப கோம்பையும் உயர்த்தினால் கட்டை கன்னத்தைத் தேடி மேலே வரும். தலை நேராக இருக்கும், கண் முழுதாகத் திறந்து தட்டைப் பார்க்கும். கவனிங்க, இரண்டும் சேர்ந்துதான் உயர வேண்டும். கோம்பை மட்டும் உயர்த்தினால் கண் ரிப்புக்கு மேலே போய்விடும், சுடும் இடமும் மேலே போய்விடும்.

இரண்டாவது லாபம், பின்னுதைப்பின் திசை. உதை வருவது குழலின் நேர்கோட்டில். தோளைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் துப்பாக்கி பின்னால் வருவதோடு மூக்கையும் தூக்கும். கட்டை கன்னத்தில் அறையும். உயர்ந்த ரிப் இருந்தால் கண்ணுக்கும் குழலுக்கும் இடைவெளி கூடும். அதனால் குழல் தோளின் நேருக்கு இறங்கி உட்காரும், உதை நேராகப் பின்னால் வரும். இரண்டாவது குண்டு சுட வேண்டிய ஆட்டத்தில் இது கைகொடுக்கும்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். உயர்ந்த ரிப் உதையைக் குறைக்காது, அதன் திசையை மட்டும்தான் மாற்றும். உதையைக் குறைப்பது இரண்டு: துப்பாக்கியின் எடை, தோட்டாவின் சுமை. ஒலிம்பிக் ட்ராப்பில் அதிகபட்சம் 24 கிராம் குண்டுதான் அனுமதி. அமெரிக்க ட்ராப்பில் ஏறக்குறைய 32 கிராம் வரை போகலாம். கன்னம் வலிக்கிறது என்பவர் லட்சங்களைக் கொட்டும் முன், லேசான தோட்டாவுக்கு மாறிப் பார்க்கலாம். நல்ல ரப்பர் பேட் ஒன்றும் போட்டுப் பார்க்கலாம்.

இதை ஏன் சீரியஸா எடுக்கணும்?

உதையை உடம்பு மறக்காது. ஆயிரக்கணக்கான தோட்டா சுட்ட பிறகு சிலருக்கு ட்ரிகரை இழுக்கும் நொடியில் உடம்பு தானாக வெட்டி இழுக்கும். கண் மூடும், குழல் துள்ளும், சிலருக்கு விரலே நகராது. ‘ஃப்ளிஞ்ச்’ என்று பேர். மனசு உறுதியா இருந்தா சரியாகிடும் என்று சொல்வது எளிது. வந்தவர்களைக் கேட்டால் தெரியும். அமெரிக்க ட்ராப்பில் சிலர் விரலை விட்டால் வெடிக்கும் ‘ரிலீஸ் ட்ரிகர்’ வரை போய்விடுகிறார்கள். சர்வதேச கூட்டமைப்பின் போட்டிகளில் அதற்குத் தடை.

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கே கிளே டார்கெட் லீக் உண்டு. மினசோட்டாவில் 2001-ல் தொடங்கியது. வளரும் பிள்ளைக்குப் பொருந்தாத துப்பாக்கியைக் கொடுத்தால் அது ஆட்டத்தையே வெறுக்க வைக்கும். பிள்ளைகளுக்கு முதல் தேவை உயர்ந்த ரிப் இல்லை. உயரத்தையும் நீளத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டைதான்.

60/40, 70/30: இது என்ன கணக்கு?

கடையில் இந்த எண்கள் காதில் விழும். குறி வைத்த புள்ளிக்கு மேலே எத்தனை சதவீதம் குண்டுமணிகள் விழுகின்றன, கீழே எத்தனை என்பதுதான் கணக்கு. 50/50 என்றால் குறி வைத்த இடத்திலேயே சுடும். 70/30 என்றால் மேலே சுடும். 40 கெஜத்தில் ஒவ்வொரு 10 சதவீதத்துக்கும் சுமார் 3 அங்குலம் மேலே என்பது பொதுவான வழக்கு.

வேண்டுமென்றே ஏன் மேலே சுட வைக்கணும்? ட்ராப் தட்டு ஏறிக்கொண்டே போவதால்தான். நேராகச் சுடும் துப்பாக்கி என்றால் தட்டைக் குழலால் மறைத்துவிட்டு, கண்ணில் படாததைச் சுட வேண்டியிருக்கும். கொஞ்சம் மேலே சுடும் துப்பாக்கியில் தட்டு ரிப்புக்கு மேலே மிதப்பதைப் பார்த்தபடியே சுடலாம்.

இங்கேதான் ஒரு குழப்பம். உயரமான ரிப் என்றாலே மேலே சுடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரிப்பின் உயரம் வேறு, சாய்வு வேறு. மிக உயரமான ரிப்பிலும் 50/50 வரும். பின்பக்கம் முன்பக்கத்தைவிட எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதுதான் சுடும் இடத்தை மாற்றும். இத்தாலியின் பெராஸி, பெரெட்டா, ஜெர்மனியின் கிரீகாஃப், அமெரிக்காவில் பிரபலமான பிரௌனிங் என்று பல நிறுவனங்களின் ட்ராப் மாடல்களில் இந்தச் சாய்வை மாற்றிக்கொள்ளும் வசதி கிடைக்கிறது.

வசதி இருப்பதே ஒரு வினையும்கூட. இரண்டு தட்டு தவறினால் உடனே திருகைத் திருப்பும் ஆட்கள் எல்லா கிளப்பிலும் இருப்பார்கள். காலையில் 60/40, மதியம் 80/20. தவறு கையிலா, துப்பாக்கியிலா என்று கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

யாருக்கு வேண்டாம்?

ஸ்கீட் ஆடுபவருக்கு, இடுப்பிலிருந்து துப்பாக்கியைத் தூக்கிச் சுடும் எந்த ஆட்டத்துக்கும், பெரும்பாலும் வேண்டாம். அந்த அரை நொடியில் கட்டை, கன்னம், கண் மூன்றும் சேர வேண்டும். அதற்குத் தாழ்ந்த ரிப், கைக்கு அருகில் இருக்கும் குழல்தான் பழக்கத்துக்கு எளிது.

குட்டைக் கழுத்துக்காரர்களுக்கும் அவசியம் குறைவு. சாதாரணக் கட்டையிலேயே தலை நேராக உட்கார்ந்தால், இல்லாத நோய்க்கு மருந்து எதுக்கு?

ஒரே துப்பாக்கியில் எல்லா ஆட்டமும் ஆட நினைப்பவரும் யோசிக்கணும். ட்ராப்புக்காகவே மேலே சுடும்படி அமைத்தது, கீழே இறங்கும் தட்டில் காலை வாரும். அப்படி மேலே சுடும் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தால் குண்டுகள் பக்கவாட்டிலும் விலகும். பிடி ஒரே மாதிரி வராத புதியவருக்கு இது இரட்டைத் தலைவலி.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. கண்ணை மூடிக்கொண்டு, காலித் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் தோளில் பொருத்துங்கள். கண்ணைத் திறக்கும்போது தலை நேராக இருக்கிறதா, கண் ரிப்பின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து முறை செய்து பத்து முறையும் ஒரே காட்சி வந்தால்தான் பொருத்தம்.

2. இரண்டு மணிகள் இருந்தால் அவை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி, 8 மாதிரி தெரிகிறதா பாருங்கள். நடுமணி முன்மணியை மறைத்தால் கண் தாழ்வாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி என்றால் கண் உயரமாக இருக்கிறது.

3. பெரிய காகிதப் பலகையில், நீங்கள் தட்டு உடைக்கும் தூரத்தில் நாலைந்து முறை சுடுங்கள். பிராஷரில் போட்டிருக்கும் 70/30 கம்பெனியின் அளவு. உங்கள் கன்னத்துக்கு வரும் எண் வேறாக இருக்கலாம்.

4. கிளப்பில் ஒருவரிடம் கேட்டு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, குறைந்தது 50 தட்டாவது அந்த வகையில் சுட்டுப் பாருங்கள். முதல் பத்தில் எல்லாத் துப்பாக்கியும் நல்லாத்தான் இருக்கும்.

5. இப்போது கையில் இருப்பதில் கோம்பை மாற்றியமைக்க முடியுமா என்று ஒரு நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பாதிப் பேரின் பிரச்சினை அதிலேயே தீரும்.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் ட்ராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற மூவரில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் களமிறங்கினார். இதைப் பார்த்து ஆர்வம் வருபவர்கள் இங்கேயும் உண்டு.

ஆனால் இந்தியாவில் ஷாட்கன் என்பது கார்டைத் தேய்த்து வாங்கி, பிடிக்கலைன்னா ரிட்டர்ன் பண்ணும் பொருள் இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகைகள் இருக்கின்றன. வெளிநாட்டு மாடல் என்றால் இறக்குமதிச் செலவும் காத்திருப்பும் தனி. ஒரு அமெரிக்கக் கிளப் ஆட்டக்காரர் தவறாக வாங்கினால் அடுத்த மாதம் விற்றுவிடலாம். இங்கே அந்தத் தவறோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தணும்.

ஆக, எங்கள் கருத்து?

உயர்ந்த ரிப் ஏமாற்று வேலை இல்லை. நீளக் கழுத்து, ட்ராப் மட்டுமே ஆட்டம், நிலையான பிடி, இந்த மூன்றும் இருப்பவருக்கு அது நல்ல கருவி. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய முடிவு. முதலில் லேசான தோட்டா, பிறகு பொருந்தும் கட்டை, பிறகு ஒரே மாதிரி வரும் பிடி. இத்தனைக்குப் பிறகும் தட்டைப் பார்க்கத் தலை குனிந்துகொண்டே இருந்தால் மட்டும் ரிப்பை உயர்த்துங்கள்.

பயிற்சியாளர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வருபவரிடம் ‘எந்த மாடல் வேணும்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ஒரு தடவை தோள்ல வச்சுக் காட்டுங்க’ என்று ஆரம்பியுங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.