செல்லமும் செலவும்

தெரு நாய்கள் குறித்து நாடு முழுவதும் விவாதம் நடைபெற்று வருகிறது. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகள் அந்த விவாதத்தை மேலும் தீவிரப்படுத்தின. பிடித்து அடைக்க வேண்டும் என்போரும், அவை வாழும் இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்போரும் எதிரெதிர் அணிகளாக நிற்கின்றனர். ஆனால், வீட்டுக்குள் வளரும் நாய், பூனைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தெருவில் திரியும் நாய்களில் ஒரு பகுதி, ஏதோ ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்து, பின்னர் கைவிடப்பட்டவை என்பதையும் மறந்துவிடுகிறோம்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை நாய் வளர்ப்பதற்கென்று தனிச் செலவு ஏதும் இருந்ததில்லை. எஞ்சிய சோறும், கொல்லையில் படுக்க ஓரிடமும் போதுமானதாக இருந்தது. வயல், தோட்டம், ஆட்டுப்பட்டி ஆகியவற்றைக் காவல் காப்பதே அதன் வேலை. இன்றோ, அடுக்குமாடிக் குடியிருப்பில் குளிர்சாதன அறையில் உறங்கும் குடும்ப உறுப்பினராக அது மாறியிருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியோருக்கு ஒரு நாயோ பூனையோ தரும் ஆறுதலை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது. அந்த அன்பில் குறை காண முடியாது. அந்த அன்புக்குரிய அறிவும் ஏற்பாடும் நம்மிடம் உள்ளனவா என்பதே கேள்வி.

பொருளியலில் ஒன்றை வாங்கும் விலை வேறு. அதைப் பராமரிக்கும் செலவு வேறு. இருசக்கர வாகனம் வாங்கச் செல்பவர், விலையைக் கேட்ட கையோடு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கத் தவறுவதில்லை. நாய்க்குட்டி வாங்குபவர் பெரும்பாலும் விலையையும் நிறத்தையும் மட்டுமே கேட்கிறார். பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய உயிர் அது. உணவு, தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை, முதுமைக்கால நோய்கள் என்று அதன் ஆயுள் முழுவதும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், வாங்கிய விலை சிறு பகுதியே.

வாங்கும் சந்தையிலும் சிக்கல் இருக்கிறது. விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில், தரமான பொருளே சந்தையைவிட்டு வெளியேறிவிடும் என்பதை, பழைய கார் சந்தையை முன்வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நாய்க்குட்டிச் சந்தைக்கு அந்த விளக்கம் அப்படியே பொருந்தும். தாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா, குட்டி எத்தனை நாள் தாய்ப்பால் குடித்தது என்பதெல்லாம் விற்பவருக்கு மட்டுமே தெரியும். இரண்டு மாதம் நிறைவடையாத குட்டிகளை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. ஆனாலும், ஒரு மாதக் குட்டிகள் அட்டைப் பெட்டிகளில் வைத்து விற்கப்படுவது நின்றபாடில்லை.

அதன் விளைவை வீடுகள்தான் அனுபவிக்கின்றன. தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் மிக விரைவில் பிரிக்கப்பட்ட குட்டிக்கு, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரையிலான பருவத்தில் மனிதர்களையும் ஓசைகளையும் பிற விலங்குகளையும் அச்சமின்றிப் பழகிக்கொள்ளாத நாய், பின்னாளில் அஞ்சுகிறது; அச்சத்தால் கடிக்கிறது. வாங்கி வந்த சில நாள்களிலேயே ‘பார்வோ’ தீநுண்மி தாக்கி, இரத்தக் கழிச்சலில் குட்டி இறந்துபோவதும் உண்டு.

அடுத்தது, விளம்பர மோகம். 2003-இல் ஒரு கைப்பேசி நிறுவன விளம்பரத்தில் வந்த ‘பக்’ நாயைக் கண்டு, அந்த இனத்தை நாடே தேடி ஓடியது. தட்டையான முகமும் குறுகிய மூச்சுப் பாதையும் கொண்ட அந்த நாய்க்கு, வெயில் காலத்தில் மூச்சுவிடுவதே போராட்டம். சைபீரியப் பனிக்கு உருவான ‘ஹஸ்கி’யைச் சென்னையின் சித்திரை வெயிலில் வளர்ப்பதும் அத்தகையதே. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று இந்த மண்ணின் வெப்பத்துக்குப் பழகிய இனங்கள் நம்மிடமே இருக்கின்றன. அவற்றுக்கும் ஓடியாட இடம் வேண்டும் என்பது வேறு.

நோய் வந்த பின்னர்தான் செலவு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. உடனே வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கிறோம். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதருக்குக் காய்ச்சல் எனத் தோன்றும் வெப்பம் நாய்க்கு இயல்பானது. இதை அறியாமல் மாத்திரை கொடுப்போர் பலர். மனிதருக்குப் பாதுகாப்பான பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடும். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும். நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவையும் நாய்க்கு ஆகாதவை என்பதை எத்தனை வீடுகள் அறிந்திருக்கின்றன?

வீட்டு வைத்தியம் முழுவதும் தவறு என்பதல்ல. நாள்தோறும் முடியைக் கோதி உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது, காதையும் பல்லையும் கவனிப்பது, உணவும் நீரும் குறைகின்றனவா என்று குறித்து வைப்பது, மாதம் ஒருமுறை எடை பார்ப்பது போன்றவற்றை வீட்டில்தான் செய்ய முடியும். உண்ணி தடுப்புக்கு ஆகும் செலவு சிறிது. உண்ணிக் காய்ச்சல் முற்றி, இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்தால் ஆகும் செலவு பெரிது. பெண் நாய்க்கு உரிய காலத்தில் கருத்தடை செய்தால், கருப்பையில் சீழ் பிடித்து நள்ளிரவில் அறுவை சிகிச்சைக்கு ஓடும் நிலை வராது. வருமுன் காப்பதே சிக்கனம் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு இல்லை.

நடத்தைச் சிக்கல்களிலும் இதே நிலைதான். நாள் முழுவதும் பூட்டிய வீட்டில் தனித்திருக்கும் நாய் குரைக்கிறது. செருப்பைக் கடித்துக் குதறுகிறது. அது குறும்பு அல்ல, சலிப்பும் பதற்றமும். அடிப்பதால் அது திருந்துவதில்லை. உறுமும் நாயை அடித்தால், அது உறுமுவதைத்தான் நிறுத்தும்; கடிப்பதை அல்ல. எச்சரிக்கை ஒலி அணைக்கப்பட்ட நாய் கூடுதல் ஆபத்தானது. காலையும் மாலையும் நடை, சீரான நேரத்தில் உணவு, நல்ல நடத்தைக்கு உடனடிப் பாராட்டு ஆகியவை பலன் தரும். திடீரென நடத்தை மாறினால் உடலில் வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதுவரை கூறியவை தனி வீட்டின் இலாப நட்டக் கணக்கு. ஆனால், வீட்டின் அலட்சியத்துக்கு அண்டை வீட்டாரும் விலை கொடுக்க நேர்கிறது. இதைப் பொருளியலில் புறவிளைவு என்பர்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 59 ஆயிரம் பேர் ‘ரேபிஸ்’ எனப்படும் வெறிநோயால் உயிரிழப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் நிகழ்கிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. ‘நம் வீட்டு நாய்தானே, குட்டிதானே’ என்ற எண்ணமே இதில் பேராபத்து. தடுப்பூசி போடாத வளர்ப்பு நாயிடமிருந்தும் நோய் பரவும். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் காத்திருக்கக் கூடாது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ‘ராட்வைலர்’ நாய்கள் கடித்துக் குதறின. அவை தெரு நாய்கள் அல்ல. உரிமையாளர் உள்ள நாய்கள். அதற்கு இரு மாதங்களுக்கு முன்புதான், 23 இன நாய்களைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் எழுதியிருந்தது. தொடர்புடையோரின் கருத்தைக் கேளாமல் பிறப்பிக்கப்பட்டது என்று கூறி, கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தைத் தடை செய்வதால் மட்டும் தீர்வு கிடைத்துவிடாது. கழுத்துப்பட்டை வாரைப் பிடித்திருக்கும் கைக்கும் பொறுப்பு உண்டு.

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் ‘மைக்ரோ சிப்’பையும் கட்டாயமாக்கியிருப்பது நல்ல தொடக்கம். கைவிடப்படும் நாயின் உரிமையாளரைக் கண்டறிய இது உதவும். ஆனால், அபராதம் மட்டுமே மனிதரை மாற்றாது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்க்கு உரிமக் கட்டணத்தை மிகக் குறைவாகவும், மற்றவற்றுக்கு அதிகமாகவும் வைத்தால், பொறுப்பானவருக்கு ஊக்கமும் அலட்சியமானவருக்குச் சுமையும் ஒருங்கே கிடைக்கும். உரிமையாளரோடு இனப்பெருக்கம் செய்து விற்பவரையும் பதிவு வளையத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

‘மனிதருக்கே போதிய மருத்துவமனை இல்லாதபோது நாய்க்கு அரசுப் பணமா’ என்ற கேள்வி எழக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். நாய்க்குப் போடும் ஊசி, மனிதருக்கான காப்பே. நாய்வழி வெறிநோய் மரணங்களை 2030-க்குள் ஒழிப்பது என்று நாம் ஏற்றுக்கொண்ட இலக்குக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.

1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெருமைமிக்க நிறுவனங்கள் நம்மிடம் உள்ளன. ஆனால், நமது கால்நடை மருந்தகக் கட்டமைப்பு கிராமத்து மாட்டையும் ஆட்டையும் மனதில் கொண்டு உருவானது. வேலைக்குச் செல்லும் நகரவாசி மாலையில்தான் தன் நாயைத் தூக்கி வர முடியும். மாநகராட்சி மண்டலம்தோறும் மாலையில் இயங்கும் ஓர் அரசு மருந்தகமும், குறைந்த கட்டணக் கருத்தடை வசதியும் அமைந்தால், வீட்டு மருந்துப் பெட்டியை நம்பும் நிலை மாறும்.

வீட்டில் குழந்தை நாய்க்குட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது, பெற்றோர் தங்களையே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? மாதச் செலவைத் தாங்க முடியுமா? ஊருக்குச் செல்லும்போது யார் பார்த்துக்கொள்வார்? அது முதுமையடைந்து நோயுறும் நாளில் உடன் இருப்போமா? நான்குக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தவர்கள் வளர்க்கட்டும். முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதும் அந்த உயிருக்குச் செய்யும் நன்மையே.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).