கண்ணை மூடிக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிப் பாட்டுக் கேட்க உட்கார்ந்தால், நண்பர் ஒருவர் வந்து, “இந்த சிடி தரமெல்லாம் போதாது. ஹை ரெசல்யூஷன் பைல் வாங்குங்கள், வித்தியாசம் தெரியும்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. விலை அதிகம் என்று தெரிந்தால் காதுக்கும் அப்படித்தான் கேட்கும்.

அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இதைச் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டனர். உயர்தர டிஸ்க்கின் ஒலியையும், அதையே சிடி தரத்துக்கு (16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்) குறைத்த ஒலியையும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தனர். 554 முறையில் 276 முறைதான் சரியான விடை. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய இதேதான் வந்திருக்கும். பல சோதனைகளைத் தொகுத்து 2016-ல் வந்த ஆய்விலும், மொத்தத்தில் சரியான விடை 52 சதவீதத்தைச் சற்றே தாண்டியது.

நீங்களும் சோதிக்கலாம். ஃபூபார்2000 என்ற இலவச புரோகிராமுக்கு ஏபிஎக்ஸ் என்ற துணை புரோகிராம் உண்டு. நண்பரின் பைலையும், அதையே சிடி தரத்துக்கு மாற்றிய பைலையும் கொடுத்து 16 முறை கேளுங்கள். 12 முறையாவது சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். அந்த வித்தியாசம் கண்ணை மூடினாலும் கேட்கும்.