இன்ஜின் பிரிக்காத வண்டி

“எஃப்.சி. கரண்ட், இன்சூரன்ஸ் கரண்ட், சிங்கிள் ஓனர், இன்ஜின் பிரிக்கல.”

பழைய லோடு வண்டி விற்கிற புரோக்கர் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் இந்த நான்கில் முதல் மூன்றுக்கும் காகிதம் இருக்கிறது, வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். நான்காவது எந்த ஆர்.டி.ஓ. ஆபீசிலும் பதிவாகாது. விலை நிற்பதோ அதன் மேல்தான். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் வண்டி பார்க்க விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார்கள். முதலில் பானட்டில் கை வைப்பார்கள், ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று. ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று முகத்தில் அடித்தால் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். புகை இல்லையென்றால் குனிந்து சேசிஸில் வெல்டிங் தழும்பு தேடுவார்கள். புது பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகும். மீன் லோடு அடித்த வண்டி என்று தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். ஐஸ் உருகி ஒழுகிய உப்புத் தண்ணீர் அடிப்பாகத்தையே தின்றிருக்கும்.

ஒரு டீசல் பிக்கப் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டால் கம்பெனிக்காரர் வாரண்டியைச் சொல்வார். ஓனரின் கணக்கு வேறு இடத்தில் தொடங்குகிறது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் சொன்னார்: “டியூ முடியற வரைக்கும் வண்டி ஃபைனான்ஸ்காரனுக்கு ஓடுது சார். அதுக்கப்புறம்தான் எனக்கு ஓடும்.” நாலைந்து வருஷம் டியூ கட்டுகிறவருக்கு ஆறாம் வருஷத்திலிருந்துதான் கையில் காசு நிற்கும். அந்த வருஷங்களில்தான் வாரண்டியும் இருக்காது. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காட்டிய எஃப்.சி.யை அதன்பிறகு வருஷா வருஷம் காட்ட வேண்டும். வண்டி நல்ல வண்டியா என்பது அந்தக் காலத்தில் தெரிகிற விஷயம். புது வண்டியைப் பற்றி ஷோரூம் வாசலில் நின்று யார் என்ன சொன்னாலும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நம் ஊர் பிக்கப்பை அமெரிக்க பிக்கப்போடு சேர்த்து நினைக்க வேண்டாம். அங்கே ஆறேழு லிட்டர் டீசல் இன்ஜின், படகையும் குதிரை ஏற்றும் டிரெய்லரையும் கட்டி இழுக்க. பாதி நாள் பின்பக்கம் காலியாகவே போகும். இங்கே பின்பக்கம் காலியாகப் போனால் ஓனருக்குத் தூக்கம் வராது. 1980-களின் நடுவில் டொயோட்டா, நிசான், மிட்சுபிஷி, மஸ்தா என்று ஜப்பான் கூட்டில் வரிசையாகச் சின்ன லாரிகள் இறங்கின. அவற்றுக்குப் போட்டியாக 1986-ல் வந்த டாடா 407 இன்றும் நம் சாலையில் ஓடுகிறது. 2005-ல் அதே கம்பெனியின் ஏஸ் வந்தது, நம் வாயில் குட்டி யானை. இண்டிகா காரின் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினில் சரிபாதி அது: இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத் திறன், முக்கால் டன் பாரம். 2011-ல் அசோக் லேலண்ட் ஓசூரிலிருந்து தோஸ்த்தை இறக்கியது, மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன். மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் இரண்டையும்விடப் பெரிய ஆள். இரண்டரை லிட்டர் இன்ஜின். தாம்பரத்தில் வீடு மாற்றுவது, கல்யாணத்துக்கு நாற்காலி இறக்குவது, கோயம்பேட்டிலிருந்து காய் வருவது, ஃபிளாட்டுக்குக் கம்பியும் எம்-சாண்டும் போவது எல்லாம் இவற்றின் முதுகில்தான். ஆனால் வண்டியின் ஆயுளைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவை தண்ணீர் கேன்கள்.

ஒரு கேனில் 20 லிட்டர். காலி கேனின் எடையையும் சேர்த்தால் இருபதரைக் கிலோவுக்கு மேல். ஒன்றேகால் டன் வண்டியில் சட்டப்படி அறுபது கேன் ஏற்றலாம். செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் காலையில் நின்று பாருங்கள். இரும்புக் கம்பித் தடுப்பு வைத்து மேலடுக்கும் கட்டி, தொண்ணூறு வரை போகிறது. அது ஒன்றேமுக்கால் டன்னைத் தாண்டிய பாரம். ஸ்பிரிங் வளைகிறது என்று கூடுதலாக ஒரு பட்டை போடுகிறார்கள். பட்டை கெட்டியானதும் குழியின் அடியை ஸ்பிரிங் வாங்காமல் சேசிஸ் வாங்குகிறது. புரோக்கரிடம் குனிந்து தேடுகிறோமே, அந்த வெல்டிங் தழும்பு பிறக்கும் இடம் இது. பின் சக்கர பேரிங், பிரேக், கிளட்ச் பிளேட் எல்லாம் வரிசையாக வரும். இத்தனையிலும் இன்ஜின்தான் கடைசியில் சாகிறது. ஆயில் ஒழுங்காக மாற்றினால் பழைய டீசல் இன்ஜின் மூன்று லட்சம் கிலோமீட்டர் பிரிக்காமல் ஓடுவது பெரிய அதிசயமில்லை.

ஆயில் மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புத்தகம் கிலோமீட்டர் சொல்கிறது. கேன் வண்டியோ வீட்டுக்கு வீடு நின்று, இன்ஜினை அணைக்காமல் இறக்கி, கேம்ப் ரோட்டின் வேகத்தடைகளில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் நாளைக் கழிக்கிறது. மீட்டர் நாற்பதைக் காட்டும்போது இன்ஜின் எட்டு மணி நேரம் ஓடியிருக்கும். மீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றுகிறவர் ஏமாறுவார். எங்கள் கேன்காரர் மாதக் கணக்கில் மாற்றுகிறார், பௌர்ணமி தாண்டக் கூடாது என்பது அவர் வைத்திருக்கும் விதி. விஞ்ஞானம் இல்லைதான், பலன் இருக்கிறது.

ஆக்டிங் டிரைவர் சமாச்சாரம் தனி. ஓனரே ஓட்டுகிற வண்டிக்கும் தினக்கூலிக்கு ஆள் வந்து ஓட்டுகிற வண்டிக்கும் கிளட்ச்சில் வித்தியாசம் தெரியும். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நேரத்துக்கு லோடு இறக்காவிட்டால் பேச்சு வாங்குகிறவர்கள் அவர்கள்தான்.

வண்டிகளின் உண்மையான பரீட்சை 2015-ல் நடந்தது. அந்த டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரத்துக்குள் வந்தது. மாடிக்கு ஏறியவர்களைப் படகில் எடுத்தார்கள். தெருவில் நின்ற வண்டிகளை யார் எடுப்பது? தண்ணீர் வடிந்தபின் பதற்றத்தில் சாவியைத் திருப்பிய ஓனர்கள்தான் அதிகம் இழந்தார்கள். டீசல் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அதை அமுக்க முடியாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அதனால் கனெக்டிங் ராடு வளையும். பொறுமையாக மெக்கானிக்குக்குக் காத்திருந்தவர்களின் வண்டியில் இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் இன்ஜினைச் சுற்றி, தண்ணீரைப் பீய்ச்சி வெளியேற்றினார்கள். பால் காப்பி நிறத்தில் இருந்த ஆயிலைக் கொட்டி, கியர் பாக்ஸ், ஆக்சில் ஆயிலையும் மாற்றி, டேங்க்கைக் கழுவி, ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். முழுக்க மெக்கானிக்கல் பம்ப்பில் ஓடும் பழைய வண்டிகள் சில நாளில் உறுமிக்கொண்டு எழுந்தன. நிவாரணப் பொருள் ஏற்றிய முதல் வண்டிகளில் முந்தின வாரம் மூழ்கிய வண்டிகளும் இருந்தன.

காமன் ரயில் வண்டிகளின் கதை அப்படிப் போகவில்லை. அவற்றில் டீசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுவது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. பெட்டி பிழைத்தால்கூட வயரிங் கனெக்டருக்குள் பச்சையாகப் பூத்த களிம்பு மாதங்கள் கழித்து வேலையைக் காட்டும். பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்காது, இறங்கினால் சரியாகிவிடும். தெரு மெக்கானிக் கேட்கிற சத்தமெல்லாம் சரியாகவே இருக்கும். பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் என்பதால் வெள்ளத்துக்கு ஒரு ரூபாய் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் முடிச்சூர் மறுபடி மூழ்கியபோது, விவரமானவர்கள் முந்தின நாளே வண்டிகளைக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

அப்படியானால் பழைய வண்டிதான் நல்ல வண்டியா? லோடு வண்டி ஓனர்கள் கூடும் டீக்கடையில் இதற்கு ஒரே குரலில் ஆமாம் என்பார்கள். நான் அவ்வளவு சுலபமாகச் சேர்ந்துகொள்ள மாட்டேன். அவர்களின் பழைய வண்டி விட்ட கரும்புகையை ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் சுவாசித்திருக்கிறோம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி. டீசலில் கந்தகம் 10 லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புது டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் வந்தது. கைக்குட்டையைக் குழாயில் பிடித்தால் கறுக்கவில்லை. இது லாபம்தான், அதை மறைக்கக் கூடாது.

அந்த ஃபில்டருக்கும் ஒரு குணம் இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சூடு வர வண்டி நிற்காமல், நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் கவலையே இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் பத்து வீட்டுக்கு ஒருமுறை நின்று கேன் இறக்கும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? கரி சேர்ந்துகொண்டே போய் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. கவனிக்காமல் விட்டால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தொண்ணூறு கேனோடு ரயில்வே மேம்பாலத்தில் நின்றுபோனால் பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கு விஞ்ஞானம் விளக்க முடியாது.

உடனே குறுக்கு வழி சொல்ல ஆள் கிடைக்கிறது. ஃபில்டரைக் குடைந்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கிற புரோகிராமையும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். இது நம் ஊர்ப் புத்தி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க பிக்கப் ஓனர்களிடம் இது பெரிய வியாபாரமாகவே நடந்தது. ஓனர்களை விடுங்கள். ராம் பிக்கப்புகளுக்கு டீசல் இன்ஜின் செய்து கொடுத்த கம்மின்ஸ் கம்பெனியே, மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் ஏற்பாட்டை லட்சக்கணக்கான இன்ஜின்களில் வைத்ததாக எழுந்த புகாரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் இசைந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே சபலம் வரும்போது கேன் போடுகிறவரை மட்டும் எப்படி ஏசுவது? ஆனாலும் ஃபில்டரைப் பிடுங்குவது தப்புதான், சந்தேகமில்லை. அவர் கேன் இறக்கும் வாசலில் குழந்தைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்கின்றன.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. சுத்தமான வண்டி வேண்டும் என்று சட்டம் போட்டோம். அந்த வண்டியை ஆறாம் வருஷத்தில் யார் ரிப்பேர் செய்வது என்று யோசித்தோமா? தாம்பரத்தைச் சுற்றி நல்ல டீசல் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. டீசல் பம்ப் பிரித்து அளவு வைப்பவர், நாசில் சோதிப்பவர், லேத் வைத்திருப்பவர், ஸ்பிரிங் பட்டை அடிப்பவர் என்று ஒரு பரம்பரையே உண்டு. இரவு பத்து மணிக்குப் படுத்த வண்டி காலை நாலு மணிக்குக் கோயம்பேடு போனது இவர்களால்தான். புது வண்டி படுத்தால் ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் இருந்தால் உள்ளே நுழையச் சில இடங்களில் கம்பெனியின் அனுமதி வேண்டும். மத்திய அரசு 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளம் திறந்தபோது அதில் வாகனங்களையும் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் ஒரு கோளாறு எண்ணுக்கு என்ன பொருள், எந்த சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும் என்பது தமிழில் அச்சாகி, இரும்புலியூரில் கிரீஸ் கையோடு நிற்கிற மெக்கானிக்கிடம் வரும்வரை, அது கம்பெனியும் அரசும் பேசிக்கொள்கிற விஷயமாகவே இருக்கும்.

எங்கள் கேன்காரர் ஃபில்டரில் கை வைக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் ஒரு இளைஞர் சொல்லிக்கொடுத்த வழியைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலி வண்டியை எடுத்துக்கொண்டு வண்டலூரில் வெளிவட்டச் சாலையில் ஏறி, நசரத்பேட்டை வரை ஒரே சீராக விட்டுத் திரும்புகிறார். கரி எரிந்துவிடுகிறது. டீசல் வீண் இல்லையா என்று கேட்டால் புது ஃபில்டரின் விலையைச் சொல்லி நம் வாயை அடைக்கிறார். சும்மா போவானேன் என்று மனைவியும் முன்சீட்டில் ஏறிக்கொள்கிறார். போகிற வழியில் குன்றத்தூர் முருகனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்த அம்மா வாராவாரம் கேட்கிறார். இவரோ டேஷ்போர்டைக் காட்டி, விளக்கு அணைகிற வரை நிறுத்தக் கூடாது, திரும்பி வரும்போது பார்க்கலாம் என்கிறார். திரும்பி வரும்போது நடை சாத்தியிருக்கிறது.