ஓடும் நீரை அசையும் படத்தால் விளக்குவோம்

பள்ளிவாசலில் ஒளுச் செய்ய அமரும் நாம், மேலே உள்ள தொட்டி வழியாமலும் வற்றாமலும் எவ்வாறு ஓர் அளவிலேயே நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தொட்டியினுள் ஒரு மிதவை. அதனோடு ஒரு கோல். கோலின் முனையில் நீர் வரும் வாயை மூடும் ஓர் அடைப்பான். நீர் குறைந்தால் மிதவை தாழ்கிறது, வாய் திறக்கிறது. நீர் நிறைந்தால் மிதவை உயர்கிறது, வாய் மூடுகிறது. இருக்கும் மட்டத்தை அறிதல், வேண்டிய மட்டத்தோடு ஒப்பிடுதல், வேறுபாட்டுக்கேற்ப வரவைத் திருத்துதல் ஆகிய மூன்றுமே இதன் உயிர்நிலை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உர ஆலையும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் இதே மூன்றையே பன்மடங்காகப் பெருக்கி இயங்குகின்றன.

இத்துணை எளிய உண்மையை நம் மாணவர் ஏன் மனப்பாடம் செய்கின்றனர்? நீர் ஓடுகிறது, பாடநூற் படமோ நிற்கிறது. ஒன்று மாறினால் மற்றொன்று எப்போது, எவ்வளவு மாறும் என்பதை நிற்கும் படம் காட்டாது. ஆகவே மாணவர் தாமே இயக்கிப் பார்க்கத்தக்க அசைபடங்கள் தமிழில் தோன்ற வேண்டும். அப்பணியில் தமிழ்த்துறைக்கும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முன்னோர் காட்டிய வழி

இது நமக்குப் புதிய துறையன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகிய பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் ‘கிதாபுல் ஹியல்’ என்னும் நூலில் ஏறத்தாழ நூறு கருவிகளை விளக்கினர். அவற்றுட் பல, நீரின் அழுத்தத்தாலும் மிதவையாலும் தாமே திறந்து மூடுபவை. பின்னர் 1206-இல் அல்-ஜஸரீ தமது பெருநூலை முடித்தார். அவருடைய கோட்டை நீர்க்கடிகாரத்தில், பெருங்கலத்திற்கும் வெளியேறு குழாய்க்கும் இடையே ஒரு சிறு மிதவைக் கலம் உண்டு. பெருங்கலத்தில் நீர் குறைந்துகொண்டே வந்தாலும், சிறுகலத்தின் மட்டம் மாறாமையால் நீர் ஒரே சீராக வெளியேறும். கடிகாரமும் பிழையாது ஓடும்.

அவர் சொல்லால் மட்டும் விளக்கினாரல்லர். வண்ணப்படம் வரைந்து, உறுப்புகளுக்கு எழுத்துகளை அடையாளமாக இட்டு, அவ்வெழுத்துகளைச் சுட்டியே செய்முறையை உரைத்தார். அடைப்பானும் அதன் இருக்கையும் நீர்க்கசிவின்றிப் பொருந்த இரண்டையும் குருந்தக்கல் தூள் இட்டுத் தேய்க்க வேண்டும் என்பது வரை எழுதினார். படிப்பவர் தம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அன்று அவர் தாளில் செய்ததை, இன்று நாம் திரையில் தொடர இயலும்.

ஒரு விளக்கு தந்த பாடம்

இவ்வறிவு தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதன்று. 1979-ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கும் ஒரு வால்வு திறந்தது, திறந்தது மூடவில்லை. ஆயினும் கட்டுப்பாட்டு அறையின் விளக்கு அணைந்தது. அவ்விளக்கு, ‘மூடுக’ என்னும் ஆணை சென்றதை மட்டுமே காட்டியது. வால்வு மூடியதைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக நீர் வெளியேறியது. அதே வேளையில் வேறொரு மட்டமானி நீர் மிகுந்துவிட்டதாகக் காட்டவே, இயக்குநர்கள் உட்செலுத்தப்பட்ட நீரைக் குறைத்தனர். உலைக்கருவின் ஏறக்குறைய பாதி உருகியது.

ஆணையிட்டது வேறு, நிகழ்ந்தது வேறு. இவ்வேற்றுமையைச் சொல்லி விளக்குவதினும், அசைபடத்தில் ஒரு வால்வைப் பழுதாக்கி, விளக்கு அணைந்த பின்னும் நீர் ஓடுவதை மாணவர் காணச் செய்தால் ஆயுள் முழுதும் மறவார். அங்கே பிழை செய்தால் உயிர் போகாது, அறிவு வரும். வளைகுடா நாடுகளின் ஆலைகளில் பணிபுரியச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இவ்வறிவு உயிர்க்காப்பே ஆகும்.

படம் மெய் பேச வேண்டும்

நீல வண்ணத்தை அசைத்துக் காட்டுவது மட்டும் போதாது. தொட்டியின் அடித்துளை வழியே நீர் பாயும் வேகம், உயரத்தின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்கே ஆகும். இக்கணக்கிற்குப் படம் கட்டுப்பட வேண்டும். கட்டுப்படாத படம் வெறும் வேடிக்கைச் சித்திரமே.

மாணவர் வால்வைத் திருத்தும் வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால், மட்டம் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் ஊசலாட வேண்டும். நீண்ட குழாயில் நீர் வந்து சேரத் தாமதமானால் அவ்வூசலாட்டம் மிக வேண்டும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழிக்கு ஆலையிலும் பொருள் உண்டு என்பதை அவர் கண்ணால் காண்பார்.

தமிழ்த்துறைக்கு என்ன வேலை?

சொல்லே எம் வேலை. ‘வால்வு’ என்பதற்குக் கலைச்சொல்லாக ‘ஓரதர்’ வழங்குகிறது. அதர் என்பது வழி. எனவே ஒரு திசையில் மட்டும் நீரை விடும் வால்வுக்கு அது மிகப் பொருந்தும். ஆனால் வரவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் வால்வுக்கு அது பொருந்துமா? மதகு என்னும் சொல் நம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. மிகுநீர் தானே வழிந்தோட அமைந்தது கலிங்கு. குமிழித்தூம்பிலோ நீர் செல்ல ஒரு துளையும், சேறு செல்ல அடியில் மற்றொரு துளையும் வைத்தனர் நம் முன்னோர். நீரை ஆண்ட மொழியில் நீராட்சிக்குச் சொற்பஞ்சம் இல்லை, தேடுவார்தாம் குறைவு.

ஆலையில் ஆங்கிலம்தானே வழங்குகிறது என்பார் உளர். உண்மையே. கருத்தைத் தாய்மொழியில் கண்டுகொண்டவருக்கு ஆங்கிலப் பெயர் ஒரு நாளில் மனத்தில் பதியும். கருத்தறியாமல் பெயரை மட்டும் சுமப்பவருக்கு எம்மொழியும் சுமையே.

செய்யத்தக்கது

இயற்பியல், கணிப்பொறியியல், தமிழ் ஆகிய மூன்று துறை மாணவரும் கூடி ஆண்டுக்கு ஓர் அசைபடம் ஆக்கட்டும். முதற்படம் அல்-ஜஸரீயின் மிதவைக் கலமாக இருக்கட்டும். ஒரு நிறுவனத்தின் உடைமையான மென்பொருளை மட்டும் நம்ப வேண்டா. ஃப்ளாஷ் மென்பொருளில் உலகெங்கும் ஆக்கப்பட்ட கணக்கற்ற பாடப்படங்கள், அதற்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டதும் இயங்காமற் போயின. உலாவி எதிலும் இயங்கும் பொதுத் தரங்களிலேயே நம் பணி அமைய வேண்டும்.

எழுத்தால் அடையாளமிட்ட படங்கள் எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நம்மிடம் பேசுகின்றன. நம் மாணவர் ஆக்கும் படங்களும் அடுத்த தலைமுறையிடம் பேசட்டும். பெரியோர் பொருளுதவி செய்க, ஆசிரியர் வழிகாட்டுக, மாணவர் தொடங்குக. இன்ஷா அல்லாஹ், நற்பயன் விளையும்.