ஓரிரு இடங்களில் என்றால் எத்தனை இடம்?

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையம். ஐப்பசி பிறந்திருந்தது. அறுத்துக் கொண்டுவந்த குறுவை நெல் களத்தில் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். காயப்போட்டே ஆக வேண்டும். அன்றைய வானிலை அறிக்கையைக் கைபேசியில் பார்த்து உரக்க வாசித்தேன். டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு என்றிருந்தது. படுதாவைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்த பெரியவர் கேட்டார்: “ஓரிரு இடம்னா நம்ம களம் அதுல உண்டா, இல்லையா தம்பி? நெல்ல விரிக்கவா, மூடவா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் தேடிப் பார்த்தேன். ‘ஓரிரு இடங்கள்’ என்பது பேச்சுவழக்கில் சொல்கிற ஒன்றிரண்டு இடம் அல்ல. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களுள் 25 சதவீதம் வரையிலானவற்றில் மழை பதிவாகலாம் என்பதற்கான குறிச்சொல் அது. ‘ஒரு சில இடங்கள்’ என்றால் 26 முதல் 50 சதவீதம். அதற்கு மேல் போகப்போக ‘அநேக இடங்கள்’, ‘பெரும்பாலான இடங்கள்’. ‘கனமழை’க்கும் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர். 204.4 மில்லிமீட்டர் வரை ‘மிக கனமழை’, அதையும் தாண்டினால் ‘அதி கனமழை’. ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்த சொல். அந்த அளவு மட்டும் களத்துக்கு வந்து சேரவில்லை.

அறிவியல் தொடர்பியலை முதுநிலைப் பட்டப் படிப்பாகக் கற்பிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இந்தக் களம்தான். கடினமான அறிவியலை எளிமையாகச் சொல்வதுதானே இந்தத் துறை, அதற்கு எதற்கு இரண்டு ஆண்டுப் படிப்பு என்கிறார்கள். அந்த அறிக்கையில் கடினமான சொல் எது? ஓரிரு, இடம், மழை, வாய்ப்பு எல்லாமே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த தமிழ். எளிமைக்குக் குறைவே இல்லை. கேட்பவர் அன்று காலை என்ன முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பது எழுதுபவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்வது தனி ஆய்வு. அதற்கு முறை உண்டு, பயிற்சி உண்டு.

இந்தப் பாடத்தை இந்தத் துறை பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அணு உலை வெடித்தது. சில நாள்களில் இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியா மலைப்பகுதியில் பெய்த மழையோடு கதிரியக்க சீசியமும் புல்லில் இறங்கியது. ஜூன் மாதம் ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை வந்தது. மூன்று வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு பிணைந்துகொள்ளும், மறுபடி புல்லுக்கு ஏறாது என்ற கணக்கை வைத்துச் சொன்ன சொல் அது. அந்த மலை நிலமோ அமிலத்தன்மை கொண்ட கரிமண். அங்கே சீசியம் புல்லுக்கு ஏறியது, புல்லிலிருந்து ஆட்டுக்குப் போனது, ஆட்டுச் சாணத்தோடு மறுபடி நிலத்துக்கே வந்தது. மூன்று வாரம் என்று தொடங்கிய கட்டுப்பாடு கடைசிப் பண்ணைகளில் நீங்கியபோது ஆண்டு 2012.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வாளர் பிரையன் வின் அந்த ஆட்டுப் பண்ணைக்காரர்களிடம் உட்கார்ந்து பேசினார். அவர் பதிவுசெய்தவை இன்றும் இந்தத் துறையின் மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பாடம். ஆடுகளை மலையிலிருந்து இறக்கி, வைக்கோல் வாங்கிப் போடுங்கள் என்று நிபுணர்கள் சொன்னார்கள். மலையாடு வைக்கோலைத் தொடாது என்பது பண்ணைக்காரருக்குத் தெரியும். ஒருவகைக் களிமண் தாதுவை நிலத்தில் தூவி, ஆடுகளை வேலிக்குள் அடைத்து ஒரு சோதனை நடந்தது. திறந்த மலையில் மேய்ந்த ஆட்டை அடைத்தால் உடம்பு இளைத்துப்போகும் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னார்கள். அப்படியே ஆயிற்று, சோதனை கைவிடப்பட்டது. அருகிலேயே இருந்த அணு நிலையத்தில் 1957இல் நடந்த தீவிபத்தையும் அவர்கள் மறந்திருக்கவில்லை. அவர்களுக்கு அறிவியல் புரியாமல் போனதாக வின் எழுதவில்லை. அவர்களிடம் இருந்த அறிவை யாரும் கேட்டு வாங்கவில்லை என்பதுதான் அவர் கண்டது.

செர்னோபில் விபத்துக்கு ஓராண்டு முன்பு, 1985இல், லண்டன் ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. மக்களுக்கு அறிவியல் போதிய அளவு தெரியவில்லை, விஞ்ஞானிகள் இறங்கிவந்து சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். காலிப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்ற இந்த எண்ணத்தை ‘பற்றாக்குறை மாதிரி’ என்பார்கள். 1991இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அறிவியல் தொடர்பியலுக்கென முதுநிலைப் படிப்பு வந்தது. வேறு நாடுகளும் தொடர்ந்தன. 2000இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைக் குழுவே ஊற்றியது போதும், உரையாட வேண்டும் என்று எழுதியது.

நம்மிடம் இருக்கும் மரபு இதைவிடப் பழையது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார். 1860களில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ என்று பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார், கலைச்சொல் தொகுத்தார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் தமிழில் படித்து மருத்துவரானார்கள். 1940களின் கடைசியில் கோவையிலிருந்து ‘கலைக்கதிர்’ அறிவியல் இதழ் வந்தது; பின்னர் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ சிறுவர் கைகளுக்குப் போனது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் துறையின் பெயரிலேயே இதழியலோடு அறிவியல் தொடர்பியலும் இருக்கிறது. 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 51ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையைக் குடிமகனின் கடமையாகவே சொல்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் காண்பதில் நாம் கைதேர்ந்தவர்கள். அந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடத்தில் என்னவாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று சோதிப்பதில்தான் இன்னும் கால் ஊன்றவில்லை.

ஓர் உதாரணம்: 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. வதந்திகளை நம்பாதீர்கள் என்று அறிவித்தார்கள். பெற்றோர் கேட்டதோ வேறு: என் பிள்ளைக்கு எம்எம்ஆர் ஊசி முன்னமே போட்டாயிற்று, மறுபடி எதற்கு? பொறுப்புள்ள தாயின் கேள்வி இது. ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொரு தவணையால் கெடுதல் இல்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டால்தான் கிருமி சுற்றுவது நிற்கும். ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படலாம். இந்த மூன்று வரியைப் பள்ளி வாசலில் நின்று சொல்ல முகாமுக்கு முன்பே ஆள் வேண்டும். அந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே அறிய, பெற்றோரோடு ஒரு மாதம் பேசியிருக்க வேண்டும்.

ஆகவே நான் விரும்பும் படிப்பில் முதல் பருவத்தில் மாணவர் ஒரு வரிகூட எழுத வேண்டாம். கேட்கட்டும். கடற்கரையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், உழவர் சந்தையில் உட்கார்ந்து, மக்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று குறிக்கட்டும். மீனவர் காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறார். அதை அறியாதவர் கடல் எச்சரிக்கை எழுதக் கூடாது. புள்ளியியல் கட்டாயம் வேண்டும். ஒரு மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்ற செய்தியைக் கண்டால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு இருந்த ஆபத்து என்று மாணவரின் கை தானாகத் திருப்பிக் கேட்க வேண்டும். இயற்பியல் படித்தவரும் தமிழ் இலக்கியம் படித்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். இரண்டு பேருக்கும் மற்றவர் துணை தேவை. ஆய்வகத்தின் புகழ்பாடும் விளம்பர எழுத்துக்கு ஆள் தயாரிக்கும் இடமாக இது சுருங்கிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வேலை கிடைக்குமா என்பது பெற்றோரின் நியாயமான கேள்வி. நாளிதழ்களில் அறிவியலுக்கென்று தனி நிருபர் இருப்பது அரிது. அதை மட்டும் நம்பி இந்தப் படிப்பைத் தொடங்க முடியாது. மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில், பொதுச் சுகாதாரத் துறையில், வேளாண் பல்கலைக்கழகத்தில், வானிலை மையத்தில் தலா ஒரு பணியிடத்தை அரசு உருவாக்கினாலே பாதி வழி திறந்துவிடும்.

ஆய்வேட்டைத் தமிழில் எழுத அனுமதிக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள் பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் வேண்டும். மழை அறிவிப்பைத் திருத்தி எழுதிய மாணவர் என்றால் அதில் ஒரு நெல் விவசாயி உட்கார்ந்து, எழுதியதைக் கையில் வாங்கிப் படித்து, மறுநாள் காலை நெல்லை விரிப்பதா மூடுவதா என்று முடிவு சொல்லட்டும். அவர் சொல்வதையும் சேர்த்து மதிப்பெண் போடட்டும்.